அம்மாவின் முகம் போட்ட துணிப்பை

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் என்னைப் பார்த்து முதலில் சிரித்தது என் அம்மாதான். அம்மா காலமாகி அந்த வெள்ளிக்கிழமையோடு ஒரு வருடம். திவசத்துக்காகத்தான் கனடாவிலிருந்து வந்திருந்தேன். கொழும்பிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் குந்தியிருந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. இறங்கி நிமிர்ந்தால், முன்னால் ஒரு பெரியவர் இரண்டு றாத்தல் பேக்கரிப் பாணும் ஒரு தூக்குச்சட்டியும் வைத்த இளநீலப் பையோடு நிற்கிறார். பையில் அம்மா. அந்த மூக்குத்தி, யாரோ வீட்டுக் கலியாணத்தில் எடுத்த அந்தச் சிரிப்பு. கீழே பெயர், உரும்பிராய் என்று ஊர், பிறந்த திகதி, மறைந்த திகதி. அதற்கும் கீழே பச்சை எழுத்தில், ‘பொலித்தீனைத் தவிர்ப்போம், துணிப்பையைப் பாவிப்போம்.’

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவோம். கல்வெட்டு என்று சொல்லும் நினைவுப் புத்தகத்தைக் கையில் கொடுப்போம். கூடவே இறந்தவர் பெயர் பொறித்த ஏதாவது ஒரு பொருள். சிலர் எவர்சில்வர் தட்டு கொடுப்பார்கள், சிலர் பிளாஸ்ரிக் வாளி. பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் ஊர் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கும். போன வருடம் நாங்கள் துணிப்பை கொடுத்தோம். புத்திசாலித்தனமான காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புத்தூரில் இருக்கிற சுகந்தி வீட்டுக்குப் போகவேண்டும். அம்மாவின் தங்கையின் மகள், எனக்குத் தங்கச்சி முறை. ஏறத்தாழ பதினாறு கிலோமீற்றர். ஓட்டோக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார். பருத்தித்துறை பஸ்ஸில் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து இருக்கையில் அதே பெரியவர், மடியில் அதே பை.

“தம்பி வெளியாலை இருந்தோ வாறியள்?”

“ஓம் ஐயா, கனடா.”

“நான் நீர்வேலி. ஆசுப்பத்திரியிலை மருமகளுக்குச் சாப்பாடு குடுத்திட்டு வாறன்.”

“பை நல்லாயிருக்கு” என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

“இது ஒரு அந்தியேட்டி வீட்டிலை தந்தது. ஆர் எண்டு எனக்கு வடிவாத் தெரியாது, மனிசிதான் போனவ. நல்ல சனம் போலை. இந்தக் காலத்திலை ஆர் தம்பி துணியிலை குடுக்கினம்? ஆனா உது வெய்யிலுக்கு நிக்குதில்லை. வேலியிலை கொழுவி வைச்சனான். இப்ப பாருங்கோ, தொட்டாலே கொட்டுது.”

கைப்பிடியை விரலால் தேய்த்துக் காட்டினார். வெள்ளை வேட்டியில் நீலப் பொடி விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டார். ‘இது என்ரை அம்மா’ என்று வாய்வரை வந்தது. நீர்வேலியில் அவர் இறங்கும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியேயும் நிம்மதி இல்லை. செம்மண்ணில் வாழைத்தோட்டங்கள் குளிர்ச்சியாகத்தான் இருந்தன. ஆனால் வாய்க்கால் ஓரத்தில் கடைச் சொப்பின் பைகள், மதவடியில் தண்ணீர்ப் போத்தல்கள், சோறு கட்டித் தூக்கியெறிந்த பொலித்தீன் தாள்கள். ஒரு வளவு மூலையில் குப்பை கொளுத்திய புகை பஸ்ஸுக்குள்ளும் வந்தது. கோப்பாய் தாண்டி ஒரு வீட்டில் மாதுளங்காய்களை அணில் கோதாமல் பை போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு மரத்தில் மட்டும் ஏழெட்டு அம்மா தொங்கினார்.

உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது துணி அல்ல. எனக்கு அது தெரியும். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவன் நான். நிலத்துக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயையும் வாயுவையும் பிரித்து, அரிசி அளவு வெள்ளை மணிகளாக்கி எங்களுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புவார்கள். பார்வைக்கு எல்லா மணியும் ஒன்றுதான். ஆனால் ஒன்று கடைப் பையாகும் பொலித்தீன், ஒன்று போத்தலாகும் பெற், ஒன்று மீன் பெட்டியாகப் பொங்கும் ரெஜிபோம். இன்னொன்று பொலிபுரொப்பிலீன். உரச்சாக்கும் போத்தல் மூடியும் ஆசுப்பத்திரி முகக்கவசமும் அதில்தான் செய்கிறார்கள். அதை உருக்கி, தலைமயிரை விட மெல்லிய இழையாகச் சீறவிட்டு, சூடான உருளைகளுக்கிடையில் அழுத்தினால் துணிபோல ஒரு சாமான் வரும். நூற்பதும் இல்லை, நெய்வதும் இல்லை. உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் தெரியும். வெயில் தாங்கும் மருந்து சேர்க்காவிட்டால் யாழ்ப்பாண வெயிலில் சில மாதத்தில் பொடிந்துபோகும். பொடியும், ஆனால் உக்காது. துண்டு சின்னதாகிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

போன வருடம் அச்சகக்காரர் பையின் படத்தை என் போனுக்கு அனுப்பியபோது அந்தப் புள்ளிகளைக் கண்டேன். “துணிப்பை அண்ணை, சூழலுக்கு நல்லம்” என்றார். “நல்லம்” என்றேன். உண்மையான பருத்திப் பை பல மடங்கு விலை. பச்சை எழுத்து வாசகம் என்னுடைய யோசனை. அது பொலித்தீன் இல்லைத்தானே என்று எனக்கு நானே ஒரு சாட்டும் வைத்திருந்தேன்.

புத்தூர்ச் சந்தியில் சுகந்தி மோட்டார் சைக்கிளில் காத்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்திரண்டு வயது. புருசன் போனபிறகு வளவில் முருங்கை வைத்து, இலையைக் காயவைத்துத் தூளாக்கி, கொழும்பில் ஒரு ஏற்றுமதிக்காரருக்கு அனுப்பி மரியாதையாக வாழ்கிறவள். எப்போதும் வாய் ஓயாத ஆள். அன்றைக்கு வீடு வரும்வரை அம்மாவைப் பற்றி ஓரிரு வார்த்தைக்கு மேல் கதைக்கவில்லை.

விறாந்தையில் மட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. “என்ன உது?” என்று கேட்டேன்.

“திரும்பி வந்தது அண்ணை. முழுக்க. தூளுக்குள்ளை நீலமா ஏதோ கிடக்காம். லண்டனிலை பாத்துப் பிடிச்சுப்போட்டாங்கள். இன்னொருக்கா இப்பிடி வந்தா என்னட்டை எடுக்கமாட்டினமாம்.”

“எப்பிடி வந்தது?”

“வேலைக்கு நிண்ட ஒருத்தி, மலர் எண்டு, நெல்லியடிப் பக்கம். தலையிலை நீலத் துண்டு கட்டிக்கொண்டு வாறவள். அதின்ரை நூல்தான். நாலு வருசமா நிண்டவள், நல்ல வேலைகாரி. என்ன செய்யிறது? சுத்தமில்லாட்டி இந்தத் தொழில் செய்யேலாது. நிப்பாட்டிப்போட்டன்.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இலை காயவைக்கும் கொட்டிலைப் பார்க்கப் போனேன். கூரை வெளிச்சம் வரும் தகடு. நாலு பெண்கள் நிலத்தில் இருந்து இலை உருவிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் தட்டு தட்டாக மூங்கில் தட்டிகள். தட்டிகளில் இலை. இலைக்குக் கீழே இளநீலம்.

அந்தியேட்டிக்கு அடித்ததில் மிஞ்சிய பைகளை வெட்டி, விரித்து, ஒன்றோடொன்று தைத்து விரிப்பாக்கியிருந்தாள் சுகந்தி. நேர்த்தியான தையல். அம்மாவின் முகம் கீழ்ப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டிருந்தாள், மரியாதைக்கு. ஒரு ஓரத்தைப் பிடித்தேன். பெருவிரலோடு வந்தது.

அப்போதுதான் சுகந்தியோடு போனில் கதைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஆறு ஏழு மாதம் முன்னால், நான் வேலை முடிந்து காரில் வரும்போது எடுத்திருந்தாள். மிஞ்சின பையிலை இலை காயவிடலாமோ, சாப்பிடுற சாமான், பிழையில்லையோ என்று கேட்டாள். “துணிதானே, பயப்பிடாமல் விடு” என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

சுகந்தியைக் குசினிக்குள் கூப்பிட்டேன். திரும்பி வந்த பக்கற் ஒன்றை உடைத்து, ஊசி முனையால் ஒரு நீலத் துகளை எடுத்து, விளக்குச் சுடரில் காட்டினேன். சாம்பலாகவில்லை. சுருண்டு, உருகி, சின்ன மணியாக நின்றது. மெழுகுதிரி அணைத்த மணம். பிறகு விரிப்பின் ஒரு துண்டைக் காட்டினேன். அதே உருகல், அதே மணம்.

“இது மலரின்ரை துண்டில்லை சுகந்தி. என்ரை பை.”

அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நீங்கள்தானே அண்ணை துணி எண்டு சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியும்.”

திட்டியிருந்தால் நல்லது. அவள் விளக்கை ஊதி நூர்த்துவிட்டு வெளியே போய், தட்டிகளில் இருந்த இலை எல்லாவற்றையும் சாக்கில் கொட்டத் தொடங்கினாள். மாட்டுக்குப் போடவும் ஏலாது, தோட்டத்தில் புதைக்கவும் ஏலாது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே போட்டது எல்லாம் வெடிப்பு வழியே கிணற்றுக்குத்தான் போகும். சாக்கின் வாயைக் கட்டி என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு எங்கே கொண்டுபோகலாம் என்று கேட்டாள். நான் சாக்கைத் தூக்கி, திரும்பி வந்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

புதன்கிழமை காலை இரண்டு பேரும் நெல்லியடிக்கு பஸ் ஏறினோம். புத்தூரிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீற்றர் இருக்கும். ஆவரங்கால் கழிந்து வல்லை வெளி. இரண்டு பக்கமும் வெறும் தரவை நிலம், உப்புக் காற்று, பாலத்தடியில் நீரேரி. சின்ன வயதில் இந்த வெளியில் சைக்கிளை உழக்க முடியாமல் காற்று தள்ளும். காற்று இன்றைக்கும் அதே காற்று. ஒவ்வொரு முட்பற்றையிலும் ஒரு பையாவது மாட்டிக் கிடந்து படபடத்தது. எனக்குப் பக்கத்தில் சுகந்தி. இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நெல்லியடிச் சந்தியில் இறங்கி உள்ளே ஒழுங்கையில் நடந்தோம். மலருக்கு நாற்பது வயதளவில் இருக்கும். யாரோ வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கக் கூலிக்குப் போகிறாளாம். அன்றைக்கு வேலை இல்லாததால் வீட்டில் இருந்தாள். எங்களைக் கண்டதும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வைத்துத் தந்தாள்.

“மலர்” என்று சுகந்தி தொடங்கினாள். “அது உன்ரை துண்டாலை வந்ததில்லை. நான் பிழை விட்டிட்டன்.”

“என்னாலை வந்தது” என்று நான் சொன்னேன். பை, வெயில், பொடி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். எனக்கே என் குரல் தொழிற்சாலையில் புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிற குரலாகக் கேட்டது. வெட்கமாக இருந்தது.

மலர் முழுவதையும் கேட்டாள். பிறகு சுகந்தியைப் பார்த்துச் சொன்னாள்.

“அக்கா, அண்டைக்கு என்ரை தலையிலை கிடந்த துண்டை அவிட்டு உதறிப் பாத்தனீங்கள். எங்கை வைச்சு? கொட்டிலிலை. மற்றவையள் எல்லாம் பாத்துக்கொண்டு இருந்தவை. சுத்தமில்லாதவள் எண்ட பேரோடை நான் பஸ் ஏறி வந்தனான். இண்டைக்கு ஐயாவும் நீங்களும் என்ரை வீட்டுக்கு வந்து மெள்ளமாச் சொல்லுறியள். இங்கை ஒருத்தரும் என்னை ஊத்தை எண்டு சொல்லேல்லையே. அங்கை சொல்லுங்கோ.”

“சொல்லுறம்” என்றேன். “நாளைக்கு வாங்கோ.”

“வாறன். துண்டையும் கொண்டு வாறன்.”

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தாள். கொட்டிலில் நாலு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு இருந்தார்கள். சுகந்தி நின்றபடியே, சுற்றிவளைக்காமல், தான் மலர்மேல் வீண்பழி போட்டதைச் சொன்னாள். அடுத்தது என் முறை. மெழுகுதிரியைக் கொளுத்தி, தூளிலிருந்து எடுத்த துகளை உருக்கிக் காட்டினேன். பையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது இருந்தவர்களில் மூத்தவர் சொன்னார்:

“தம்பி, அம்மான்ரை முகத்தை விட்டிட்டு வெட்டுங்கோ.”

ஓரத்தில் வெட்டினேன். அதுவும் உருகிச் சொட்டியது. “இது பிளாஸ்ரிக். துணி எண்டு சொன்னது நான்தான். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்” என்றேன்.

மலர் தன் கைப்பையிலிருந்து நீலத் துண்டை எடுத்து, கரையில் ஒரு நூலை இழுத்து அறுத்து நீட்டினாள்.

“இதையும் கொளுத்துங்கோ.”

“அது தேவையில்லை.”

“தேவை.”

பருத்தி நூல் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலாகும். அதைக் காட்டிவிட்டால் விசயம் முடிந்தது என்று ஆசைப்பட்டு, நூலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சுடரில் பிடித்தேன். நூல் சுருண்டது. உருகியது. கருப்பாய் ஒரு மணி நின்றது.

“அதுவும் உருகுதே” என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

மலரின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. “பருத்தி எண்டுதான் வாங்கினனான்” என்றாள். “நெல்லியடிச் சந்தையிலை. பருத்தி எண்டுதான் தந்தவன்.” நான் சொன்ன அதே பொய்யை வேறு யாரோ அவளுக்கும் சொல்லி விற்றிருக்கிறான். ஒரு தரம் அவமானப்பட்ட அதே இடத்துக்கு அவளைக் கூப்பிட்டு, அதே ஆட்களுக்கு முன்னால் இரண்டாம் தரமும் நிற்கவைத்துவிட்டேன்.

“பொறுங்கோ” என்றேன். “ஒரு கிண்ணத்திலை தண்ணி தாங்கோ. கொஞ்சம் சவர்க்காரத் தூளும்.”

நெருப்புக்கு இந்த மாதிரிப் பிளாஸ்ரிக் எல்லாம் உருகும். தண்ணீர் அப்படி இல்லை. பொலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசு, எவ்வளவு அமுக்கினாலும் மேலே வரும். மலரின் துண்டு பொலியெஸ்ரர், தண்ணீர்ப் போத்தல் செய்கிற அதே மூலப்பொருள். அது பாரம். சவர்க்காரம் கலந்த தண்ணீரில் பைத் துண்டு, தூளின் துகள்கள், மலரின் துண்டிலிருந்து இன்னொரு நூல் மூன்றையும் நனைத்து, விரலால் அமுக்கிவிட்டேன். பைத் துண்டு மேலே வந்தது. தூளிலிருந்து எடுத்த துகள்களும் மேலே வந்தன. மலரின் நூல் அடியிலேயே கிடந்தது.

மலர் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பிறகு நிமிர்ந்து, “ஒவ்வொருத்தரா வந்து பாருங்கோ” என்றாள். நாலு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். கடைசியாகச் சுகந்தியும் குனிந்து பார்த்தாள். எல்லோரும் பார்த்து முடியும்வரை மலர் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“மலர், நீ இரு. இலை கொஞ்சம் கிடக்கு” என்றாள் சுகந்தி.

“வேலைக்கு எண்டு நான் வரேல்லை அக்கா. இவையளுக்குக் காட்டத்தான் வந்தனான்.”

துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை திவசம். ஐயர் வந்தார், பிண்டம் வைத்தோம், வாழையிலை போட்டுச் சாப்பாடு கொடுத்தோம். கையில் ஒரு பொருளும் கொடுக்கவில்லை. இரண்டொருவர் வாசலில் கொஞ்சம் தாமதித்துத்தான் போனார்கள். போன வருடத்துப் பையோடு வந்த ஒரு மாமி, “இன்னும் வைச்சிருக்கிறன் தம்பி” என்று காட்டினார். உடைந்துபோன மூலையை ஊசிநூலால் பொத்தியிருந்தார். அதை என்னிடம் தந்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் ஏன் என்று விளங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை புறப்பட்டேன். கனடாவில் என் வீட்டு வாசலில் மறுசுழற்சிக் குப்பைக்கான ஒரு நீலத் தொட்டி நிற்கிறது. கிழமைக்கு ஒரு தரம் லொறி வரும், ஏற்றும், போகும். அதற்குப் பிறகு அது என்னுடையது இல்லை. தொழிற்சாலையில் நான் ஊதிச் செய்த பிளாஸ்ரிக் படலங்கள் எத்தனை கடலில் கிடக்கின்றனவோ, ஒன்றிலும் என் பெயர் இல்லை. அதனால்தான் அங்கே எனக்கு நல்ல நித்திரை வருகிறது. இந்தக் குடாநாட்டில் காற்று எல்லாவற்றையும் வேலியில் கொண்டுவந்து மாட்டிவிடுகிறது.

புத்தூர்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுகந்தி சொன்னாள். “நேற்று மலருக்குப் போன் எடுத்தனான் அண்ணை. இன்னொருக்கா வரச்சொல்லிக் கேட்டன். வரமாட்டாவாம்.”

“கோபமா இருக்கிறாவோ?”

“கோபமாக் கதைக்கேல்லை. ஒண்டுதான் கேட்டவ. இனிமேலும் உப்பிடி ஏதும் அடிச்சுச் சனத்துக்குக் குடுக்கிறதெண்டா, செத்த மனிசியின்ரை பேரைப் போடவேண்டாமாம்.” பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “உங்கடை பேரைப் போடட்டாம்.”